சோழ ராஜா பெஞ்சமின் பிராங்க்ளின்

பதினைந்து வருஷமாக நான் தவறாமல் செய்துவரும் ஒரே வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் சாம்ராஜ்யம் கட்டுவது. ‘சிவிலைசேஷன்’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 1991-இல் சிட் மெய்யர் ஆரம்பித்து வைத்தது. நான் ஐந்தாவது பாகத்தில் போய் மாட்டிக்கொண்டவன். கி.மு. 4000-இல் ஒரு கூட்டத்தை நம் கையில் ஒப்படைப்பார்கள். அதை வளர்த்து ராக்கெட் ஏற்றி அனுப்ப வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு டர்ன்’ என்று உட்கார்ந்தால் பால்காரர் மணியடித்த பிறகுதான் எழுந்திருப்போம்.

2025 பிப்ரவரியில் ஏழாவது பாகம் வந்தது. அதில் சோழர்கள் உண்டு என்றார்கள். மனுஷன் வாங்காமல் இருப்பானா?

அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். கலம் இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது, ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று வணிகக் குழுக்கள்கூட இருக்கின்றன. யாரோ புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாகத்தில் எந்த மக்களுக்கும் எந்தத் தலைவரையும் வைத்துக்கொள்ளலாம். அறிவியலுக்கு நல்லவர் என்று நான் பெஞ்சமின் பிராங்க்ளினைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்தேன். தண்ணீர் குடிக்க எழுந்துவந்த அம்மா திரையைப் பார்த்தாள்.

“யார்றா இந்த வெள்ளைக்காரர்?”

“சோழ ராஜாம்மா.”

அம்மா பிறந்தது கும்பகோணம். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளிடம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. முந்தின யுகத்தில் இதே பிராங்க்ளின் மௌரிய ராஜாவாக இருந்தார். ஆட்டத்தில் மூன்று யுகங்கள்; வெளியானபோது ஒவ்வொன்றிலும் வேறு மக்களாக மாறியே தீர வேண்டியிருந்தது. தாசில்தாருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வருகிற மாதிரி. சோழனாக ஆறு படைகளோடு பகைவர் கோட்டையை வளைத்திருந்தேன், மதில் இடிய இரண்டே டர்ன் பாக்கி. யுகம் முடிந்தது என்றார்கள். போர் ரத்து. தலைநகரம் தவிர நான் பார்த்துப் பார்த்து வளர்த்த நகரங்களெல்லாம் மறுபடி சிற்றூர்கள். சோழனாக இருந்தது போதும், வேறு பெயர் எடு என்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். அதில் முகலாயர். கும்பகோணத்துக்காரி பெற்ற பிள்ளை நான் எப்படி அதைத் தொடுவேன்?

பிரிட்டன் வேண்டுமென்றால் தனிக் காசு. கூப்பிடாமலே வந்து இருநூறு வருஷம் உட்கார்ந்தவர்களை, இப்போது பணம் கட்டி வரவழைக்க வேண்டுமாம். கடைசியில் ஜெயித்த பிறகு தொடர்ந்து ஆட விடும் ‘இன்னும் ஒரு டர்ன்’ பொத்தான்கூட வெளியானபோது இல்லை. அப்புறம் ஒரு அப்டேட்டில் சேர்த்தார்கள். திருப்பதி போய் லட்டு இல்லாமல் திரும்பின கதை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். காந்தி இல்லை. முதல் பாகத்திலிருந்து ஆறாவது வரை இந்தியா என்றால் காந்திதான், காந்தி என்றால் அணுகுண்டுதான். முதல் ஆட்டத்தில் நேர்ந்த கணக்குப் பிழை என்று ஊரெல்லாம் சொல்லும். அப்படி எதுவுமில்லை என்று மெய்யரே தன் புத்தகத்தில் மறுத்துவிட்டார். ஐந்தாவது பாகத்தில் வேடிக்கைக்காகவே அவரை அணுகுண்டுப் பிரியராக வைத்தார்கள். என் ரோமாபுரியை அவர் இரண்டு முறை பொசுக்கியிருக்கிறார்.

நேற்று ராத்திரி பழைய ஐந்தாவது பாகத்தைத் திறந்தேன். காந்தி சிரித்தபடி வரவேற்றார். நானும் மரியாதையாகச் சமாதானம் பேசிவிட்டு, அவர் எல்லைக்குள் யுரேனியம் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.