தேயிலைச் செடிக்கு ஒரு கும்பிடு

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்துக்குத் தேயிலைச் செடி என்றால் அப்படியொரு பயபக்தி. கடைவீதி வரை தார் ஊற்றிக்கொண்டு வரும். முதல் செடியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும். அந்தப் பக்கம் தோட்டக் காணி. லயத்துக்கு முன்னால் கான் உடைந்து கிடந்தாலும், சபைப் பணத்தில் ஒரு மூட்டை சீமெந்து உள்ளே போவது லேசல்ல.

வோட்டுக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது. லயத்து ஆட்கள் வரிசையில் நின்று சபைக்கு உறுப்பினரை அனுப்பினார்கள். தன் வாசலில் ஒரு விளக்குப் போட முடியாத உறுப்பினர். (பாவம், கூட்டத்துக்கு நேரத்துக்குப் போயிருப்பார்.)

சட்டத்தில் இந்த எல்லையைப் போட்டது 33ஆம் பிரிவு; அதைத் திருத்த 2018 வரை ஆனது. 31 வருடம்! அதற்குள் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகியிருந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதுப் பெயர்ப்பலகை நான்கு, தவிசாளர் நாற்காலியும் நான்கு. இனித் தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம் என்று சட்டத்தில் எழுதியாயிற்று; தார் பீப்பாய்க்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன. அடுத்த தேர்தல் 2025 மே 6. இடைப்பட்ட இரண்டு வருடமும் லயத்துக்குள் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்துபோனது மழை ஒன்றுதான்.