பேட்டரி மேல் பழி போடும் முன்...

கேள்வி: ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் அலறுகிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்று ஒரே சத்தம். செல்ப் எடுக்கவில்லை. பேட்டரி அவுட்டா?
(வாசகர், மேடவாக்கம்)

பதில்: அதற்குள் மாலை போட்டுவிடாதீர்கள். ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் போதும். செல்ப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும். கிளாம்ப் லூசாகி டெர்மினலில் 0.02 ஓம் தடை முளைத்திருக்கிறது என்று வையுங்கள். லைட் எரியும்போது அங்கே தொலைவது 0.2 வோல்ட்தான், யாருக்கும் தெரியாது. செல்ப் அடிக்கும்போது 3 வோல்ட் அங்கேயே காலி. மேடவாக்கம் கூட்ரோட்டை ராத்திரி பதினொரு மணிக்குச் சல்லென்று கடந்துவிடலாம். காலை எட்டரைக்குக் கடந்து பாருங்கள். ரோடு அதேதான், கூட்டம்தான் வேறு. முதலில் கிளாம்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு முடிகிற வேலை.

கேள்வி: கிளாம்ப் ஆடவில்லை. கடைக்காரர் புது பேட்டரி போடச் சொல்கிறார். நம்பலாமா?
(வாசகர், சித்தாலப்பாக்கம்)

பதில்: பேட்டரி விற்பவரிடம் பேட்டரி வேண்டுமா என்று கேட்டால் அவர் பாவம் வேறு என்ன சொல்வார்? சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை ஈய முளையிலும் மறு முனையை அதே முளையைக் கவ்வும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் ஆள் அகப்பட்டான். நெகட்டிவ் முளைக்கும் இன்ஜினுக்கும் நடுவிலும் இதையே செய்யுங்கள். எர்த் வயர் துருப்பிடித்தாலும் பழி பேட்டரி மேல்தான் விழும்.

கேள்வி: டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த விபூதியோ?
(வாசகி, பள்ளிக்கரணை)

பதில்: விபூதி பச்சையாகாது அம்மா. ஆசிட் ஆவி ஈயத்தையும் செம்பையும் அரித்துச் சேர்த்த உப்பு அது. வயர்களைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக் கரையும். கரைசல் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது. ஈரம் போகத் துடைத்து, கிளாம்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். அடுத்த பூஜைக்குச் சந்தனத்தைப் பேட்டரி டப்பா மேல் வையுங்கள். முளைக்கும் கிளாம்புக்கும் நடுவில் வேண்டாம். சாமி கோபிக்காது, செல்ப் மோட்டார் கோபிக்கும்.

கேள்வி: நெகட்டிவை முதலில் கழற்று என்கிறார்களே. எதைக் கழற்றினால் என்ன என்கிறார் என் மாமனார்.
(வாசகர், மாம்பாக்கம்)

பதில்: மாமனாரை முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். காரின் பாடி முழுவதுமே நெகட்டிவ்தான். பாசிட்டிவை முடுக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். தீப்பொறி பறக்கும், நடுவில் மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பயமில்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இந்த ஒரு விஷயத்தில் மாப்பிள்ளை பேச்சைக் கேட்கலாம்.

கேள்வி: பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். பத்து நாள் கழித்து வந்தால் கார் மூச்சே விடவில்லை. ஓட்டாத காருக்கு என்ன கேடு?
(வாசகர், பெரும்பாக்கம்)

பதில்: நீங்கள் ஓட்டவில்லை, அலாரமும் கடிகாரமும் ஓடின. நிற்கும் காரே 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதாவது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பத்து நாளைத் தாங்கும். ஆனால் டேஷ்கேமை நேரடியாக பேட்டரியில் கோத்து, அது இன்னொரு 200 மில்லி ஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-ஹவர். ஆறாம் நாள் கதை முடிந்தது. அடுத்த முறை கிளம்பும்முன் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து ஃபிளாட்காரர் ஜம்பர் கேபிள் தருகிறார். எங்கே எதைக் கோப்பது?
(அதே வாசகர்)

பதில்: நல்ல அண்டை வீட்டுக்காரர், அவர் காரையும் எரித்துவிடாதீர்கள். சிவப்பை உங்கள் பாசிட்டிவில், மறு முனையை அவர் பாசிட்டிவில். கறுப்பை அவர் நெகட்டிவில். கடைசி முனையை உங்கள் பேட்டரியில் அல்ல, சற்றுத் தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். கடைசிக் கோப்பில்தான் பொறி வரும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற காரை எப்போது ஸ்டார்ட் செய்யலாம்?
(வாசகர், நாராயணபுரம்)

பதில்: மெக்கானிக் பார்த்த பிறகு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் பலருக்கும் வந்த ஆசை, "ஒரு தடவை செல்ப் அடித்துப் பார்ப்போம்". காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தி வைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து பில் கட்டியவர் யாரும் சிரித்திருக்க மாட்டார்.

கேள்வி: என்னுடையது எலக்ட்ரிக் கார். இந்தத் தலைவலியெல்லாம் எனக்கு இல்லையே!
(வாசகர், ஜல்லடியன்பேட்டை)

பதில்: வாழ்த்துகள். ஆனால் உங்கள் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் அதை நம்பித்தான். அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரியில் நூறு சதவீதம் சார்ஜ் வைத்துக்கொண்டு நீங்கள் ஆட்டோவுக்குக் கை காட்ட வேண்டியதுதான்.