பாடலிபுத்திரத்தை மீண்டும் மண்ணில் வைத்த பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பாடலிபுத்திரத்தின் எச்சங்களைத் தம் காவலில் வைத்திருக்கும் தொல்லியல் துறையின் உயர் அலுவலர்கள்

பொருள்: கும்ரார் தூண் மண்டபம் கண்ணுக்குப் புலப்படாமை குறித்து

பெருமதிப்பிற்குரிய துறையினர்க்கு,

மண்ணுக்குள் கிடப்பதை வெளியே கொண்டுவருவதே தொல்லியலின் வேலை என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டில், வெளியே கொண்டுவந்ததைத் திரும்பவும் மண்ணுக்குள் அனுப்பிவைப்பதும் அதே வேலையின் பிற்பகுதிதான் என்று காட்டிய பெருமை கும்ராரைச் சாரும். பீகாரின் தலைநகரான பாட்னாவின் முதன்மைத் தொடர்வண்டி நிலையத்திற்குக் கிழக்கே, நகர நெரிசலுக்குள்ளேயே அமைந்த இவ்விடத்தில்தான் மௌரியர் காலத்து எண்பது தூண் மண்டபத்தின் சுவடுகள் இருபதாம் நூற்றாண்டில் இரு தவணைகளாக அகழ்ந்தெடுக்கப்பட்டன. நிலத்தடி நீர் ஊறி மேலேறி அவற்றைச் சிதைக்கக் கண்டு, 2004ஆம் ஆண்டில் மண்ணும் மணலும் கொட்டி மூடிவிடுவதென முடிவாயிற்று. சந்திரகுப்தரும் அசோகரும் அரசாண்ட தலைநகரான பாடலிபுத்திரத்தைக் காண வந்த பார்வையாளர் அதன்பின் நுழைவுச்சீட்டும் கையுமாகப் புல்வெளியைச் சுற்றிவந்து, மரநிழலில் இளைப்பாறி, வரலாற்றுணர்வும் உடல்நலமும் ஒருங்கே பெற்றுத் திரும்பலானார். காலை நடைப்பயிற்சிக்கு இத்துணைத் தொன்மையான தரையை வேறு எந்த நகராட்சியாலும் ஏற்பாடு செய்து தர இயலாது.

இம்முடிவில் மரபு மீறல் ஏதும் இல்லை என்பதை முதற்கண் பதிவு செய்வது முறையாகும். மௌரியருக்கு முன்பு பாடலியை ஆண்ட நந்தர்கள் தங்கள் பெருஞ்செல்வத்தைக் கங்கையின் நீருக்கடியில் மறைத்துவைத்தனர் என்னும் செய்தி தென்கோடித் தமிழகம் வரை எட்டியிருந்தது என்பதற்கு அகநானூற்றில் மாமூலனார் பாடிய பாட்டு ஒன்று சான்றாக இருக்கிறது. ஆகவே இருப்பதை மறைத்துவைப்பதில் அந்நகரம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேர் பெற்றது என்று துறையினர் தாராளமாக மேற்கோள் காட்டிக்கொள்ளலாம். நந்தர் நீரால் மறைத்தனர், துறை நீருக்கு அஞ்சி மணலால் மறைத்தது. அன்றியும், மறைத்த இடத்தைச் சுற்றிக்காட்ட நந்தர் கட்டணம் வாங்கியதாக மாமூலனார் எங்கும் குறிக்கவில்லை.

மறைத்ததன் அருமை விளங்க, அது கிடைத்த வரலாற்றைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. 1861ஆம் ஆண்டில் துறையைத் தொடங்கி நடத்திய அலெக்சாண்டர் கன்னிங்காமே, பழைய தலைநகரின் பெரும்பகுதியைக் கங்கை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று கருதியிருந்தார். போகவில்லை என்று காட்டியவர் தொல்லியலாளர் அல்லர். பிரித்தானிய இந்தியாவின் மருத்துவப் பணியில் இருந்த எல். ஏ. வாடெல். ஐந்தாம் நூற்றாண்டில் வந்த பாகியான், ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் ஆகிய சீனப் பயணிகளின் குறிப்புகளைத் துணைகொண்டு மேடுகளையும் கிணறுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, நகரம் இருந்த இடம் இதுவே என்று 1892இல் அவர் அச்சிட்டு அறிவித்தார். அசோகரின் அரண்மனையை மனிதர் கட்டியிருக்க முடியாது, பூதங்களே கட்டியிருக்க வேண்டும் என்று பாகியான் எழுதிவைத்திருக்கிறார். பூதங்கள் கட்டியதை மருத்துவர் கண்டுபிடிக்க, அலுவலர்கள் மூடினர் என்று எதிர்காலப் பாடநூல் ஒற்றை வரியில் எழுதிவிடக்கூடும்.

அதன்பின் 1913இல் டேவிட் பிரைனார்டு ஸ்பூனர் என்னும் அமெரிக்கர் துறையின் சார்பில் கும்ராரில் தோண்டத் தொடங்கினார். அதற்கான பணத்தை அரசு தரவில்லை; ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகனான சர் ரத்தன் டாட்டா ஆண்டுக்கு 20,000 ரூபாய் தருவதாக முன்வந்தார். குப்தர் காலச் செங்கற்சுவர்களுக்குக் கீழே சாம்பற்படிவும், அதன் கீழே ஏறத்தாழ 15 அடிக்கு ஒன்றாக ஒழுங்கான வரிசையில் உடைந்த கற்குவியல்களும் வெளிப்பட்டன. ஒவ்வொரு குவியலும் ஒரு தூண் நின்ற இடம் என்று கொண்டு ஸ்பூனர் 72 தூண்களைக் கணக்கிட்டார். 1951 முதல் 1955 வரை அல்தேக்கரும் விஜயகாந்த மிஸ்ராவும் நடத்திய அகழாய்வில் மேலும் எட்டு இடங்கள் தெரியவர, மண்டபம் எண்பது தூண்களுடையதாயிற்று. கல்லைக் கண்டவுடன் கற்பனையும் கிளம்புவது இத்தொழிலின் இயல்பாதலால், ஸ்பூனர் இதனைப் பாரசீகத்தின் பெர்சிபோலிசில் உள்ள நூறு தூண் மண்டபத்தோடு ஒப்பிட்டதோடு அமையாது, மௌரியர்களே பாரசீக வழியினர் என்று 1915இல் ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. அகழாய்வுக்குப் பணம் தந்தவர் பார்சி சமூகத்தவர் என்பது தற்செயலே அன்றி வேறில்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தவற்றுள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த தூண் ஒன்று இன்றும் கும்ராரில் படுத்த நிலையில் காட்சிக்கு இருக்கிறது. வாரணாசிக்கு அருகிலுள்ள சுனார் மலையின் மங்கிய பழுப்பு மணற்கல்லில் ஒரே கல்லாகச் செதுக்கப்பட்ட அதன் உடல், கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கிறது. மணற்கல் என்பது பொடி மணல் இறுகி உருவான, இயல்பில் சொரசொரப்பான கல். அதனை வழவழப்பாக்கி ஒளிவிடச் செய்த கைத்திறனையே வரலாற்றாசிரியர்கள் மௌரிய மெருகு என்கின்றனர். எழுபத்தொன்பது தோழர்களும் துண்டுகளாகவும் சாம்பல் வட்டங்களாகவும் மணலுக்கடியில் இருக்க, இத்தூண் ஒன்று மட்டும் தனியே கிடந்து எல்லார் சார்பிலும் பார்வையாளரை வரவேற்கும் கடமையைச் செய்துவருகிறது. அதற்கு ஊதியம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

மூடியது தவறு என்று சொல்வது இவ்விண்ணப்பத்தின் நோக்கமன்று. நீரில் ஊறிய கல் காயும்போது, நீரோடு உள்ளே புகுந்த உப்புகள் படிகமாகிப் பருத்து மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கின்றன. நனைவதும் காய்வதும் மாறி மாறி நிகழ்வதே கல்லுக்கு எமன். மரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. பாடலிபுத்திரத்துக்கு மரத்தாலான மதில் இருந்தது என்று சந்திரகுப்தரின் அவைக்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ் எழுதியதைப் பலர் ஐயுற்றிருக்க, கும்ராருக்கு அருகிலுள்ள புலந்திபாக்கில் 1926–27இல் தோண்டியபோது சால மரக் கட்டைகளை இரு வரிசையாக நட்டு அமைத்த அம்மதிலே கிடைத்தது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரத்தை அரிக்கும் நுண்ணுயிர்கள் பெருக மாட்டா என்பதால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது உளுத்துப்போகாமல் காத்திருந்தது. நெருப்பில் கல் சிதற, நீரில் மரம் பிழைத்த விந்தை நகரம் இது. எனவே காற்றும் நீரும் மாறி மாறித் தொடாதபடி மண்ணிட்டு மூடுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட காப்பு முறைதான். பழஞ்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் விதித்திருந்தும், கீழிருந்து வந்த நீர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதற்குத் துறை என்ன செய்யும்?

கேள்வி அதுவன்று. கீழே இருப்பதைக் காக்க மேலே மறைத்தவர்கள், மறைத்ததை வேறொரு வழியில் காட்டும் கடமையிலிருந்தும் தம்மை விடுவித்துக்கொண்டார்களா என்பதே கேள்வி.

கங்கைக் கரையில் பாடலிக் கிராமம் கோட்டையாக எழுந்துகொண்டிருந்த காலத்தில் அவ்வழியே சென்ற புத்தர், அது தலைசிறந்த நகராகும் என்றும், நெருப்பு, நீர், உட்பிளவு ஆகிய மூன்றால் அதற்குக் கேடு வரும் என்றும் உரைத்ததாக மகாபரிநிப்பாண சுத்தம் என்னும் பாலி நூல் கூறுகிறது. முதலிரண்டும் நிறைவேறியதற்குச் சாம்பற்படிவும் நிலத்தடி நீரும் சான்று. மூன்றாவதை நிறைவேற்றும் பொறுப்பை அலுவலகங்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டதாகவே தோன்றுகிறது. மண்டபம் ஒன்றிய அரசின் துறைக்குரியது. நகரில் கிடைத்த புகழ்பெற்ற பொருள்கள் பலவும் மாநில அரசின் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவ்வருங்காட்சியகங்களும் இரண்டு: ஊரார் ஜாதுகர், அதாவது மாயவீடு, என்றழைக்கும் பழைய பாட்னா அருங்காட்சியகம் ஒன்று, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் புமிஹிகோ மாக்கியின் நிறுவனம் வடிவமைத்து, துருவையே போர்வையாகப் பூண்ட எஃகுத் தகடுகளோடு 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பீகார் அருங்காட்சியகம் மற்றொன்று. பக்சார்ப் போர் நடந்த 1764ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை புதியதிலும் பிற்பட்டவை பழையதிலும் இருக்க வேண்டும் என்று பாகப்பிரிவினை செய்யப்பட்டதால், மிகப் பழைய பொருள்கள் மிகப் புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தன.

அவ்வாறு குடிபெயர்ந்தவர்களுள் தீதார்கஞ்சு யட்சி என்னும் சிலைப் பெண்ணும் ஒருத்தி. 1917இல் கங்கைக் கரையில் வெளிப்பட்டு, ஊரார் பூசை செய்யத் தொடங்கிய நிலையில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டவள். வலக்கையில் ஏந்திய சாமரம் தோளில் சாய்ந்திருக்க, இடக்கை உடைந்து, மூக்கு நுனி சிதைந்து, கழுத்தணியும் மேகலையும் கனத்த சிலம்பும் பூண்டு, அதே சுனார்க் கல்லில் அதே மெருகோடு நிற்கிறாள். அவளது காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டா, அதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டதா என்பதில் அறிஞரிடையே இன்னும் உடன்பாடில்லை. அவள் நிற்கும் இடத்திலிருந்து கும்ராரில் கிடக்கும் தூணுக்குச் சில கல் தொலைவுதான். ஆனால் இரண்டும் ஒரே கல், ஒரே மெருகு, ஒரே நகர் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டறிய வாய்ப்பில்லாதபடி, ஒன்றிய அரசின் காவலில் ஒன்றும் மாநில அரசின் காவலில் மற்றொன்றும் இருக்கின்றன. இதற்கிடையே இரு அருங்காட்சியகங்களையும் நிலத்தடிச் சுரங்கப்பாதையால் இணைக்கும் திட்டம் ஒன்றை மாநில அரசு கையிலெடுத்துள்ளது. பாட்னாவின் மண்ணுக்கடியில் நீரை அடக்கி நெடுந்தொலைவு பாதை அமைக்கும் பொறியியல் கைவசம் இருக்குமாயின், அப்பொறியாளர்களைக் கும்ராருக்கும் ஒருமுறை தேநீர் அருந்த அழைத்தால் என்ன என்று வினவுவது எல்லை மீறலாகாது என நம்பப்படுகிறது.

பாடலிபுத்திரத்தின் ஆட்சிமுறை இவ்வகையில் துறைக்கு உதவக்கூடும். 80 ஸ்டேடியம் நீளமும் 15 ஸ்டேடியம் அகலமும் (ஸ்டேடியம் என்பது கிரேக்கர் தொலைவளவு; நகரின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்), 64 வாயில்களும், 570 காவற்கோபுரங்களும் கொண்ட அந்நகரை ஐவர் ஐவராக ஆறு குழுக்கள் நிருவகித்ததாக மெகஸ்தனிஸ் குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒரு குழுவின் முழுநேர வேலையே வெளியூரிலிருந்து வருவோரைக் கவனிப்பது: தங்க இடம் தருவது, நோயுற்றால் பார்ப்பது, இறந்துவிட்டால் அடக்கம் செய்து உடைமைகளை உறவினருக்கு அனுப்புவது. இத்துணை விரிந்த ஏற்பாட்டை இன்றைய பார்வையாளர் எதிர்பார்க்கவில்லை. அடக்கம் செய்யும் பிரிவில் மட்டும் துறை முன்னோரை விஞ்சிவிட்டது. எஞ்சிய பிரிவுகளிலும் சிறிது கவனம் செலுத்தினால் போதும்.

2024ஆம் ஆண்டின் இறுதியில், நிலத்தடி நீரின் நிலையை அறிவதற்காகச் சில தூண்களை மட்டும் மீண்டும் திறந்து பார்க்கும் பணி தொடங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. தோண்டி, மூடி, மறுபடி தோண்டும் இச்சுழற்சி அகழாய்வை நூற்றாண்டுதோறும் புதுப்பிக்கும் வேலைவாய்ப்புத் திட்டம் என்று சிலர் நகைக்கக்கூடும்; ஆயினும் நீர்மட்டத்தை அளந்த பின்னரே எதையும் முடிவு செய்வது என்னும் நிதானம் பாராட்டத்தக்கது. முழுவதும் திறக்கவேண்டும் என்ற அவசரம் இவ்விண்ணப்பத்தில் இல்லை. திறக்க இயலாதவற்றின் மேலே, ஒவ்வொரு தூண் நின்ற இடத்திலும் புல்வெளியில் ஒரு வட்டக் கல் பதிக்கலாம். பத்துப் பத்தாக எட்டு வரிசை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 15 அடி. அவற்றினூடே நடந்து செல்லும் சிறுவன் மண்டபத்தின் அளவைத் தன் காலாலேயே அளந்துவிடுவான். யட்சியின் நேர்த்தியான வார்ப்புப் படிவம் ஒன்று தூணுக்கு அருகில் நிற்கலாம். தூணின் படிவம் ஒன்று யட்சிக்கு அருகில் செல்லலாம். அதற்குச் சுரங்கப்பாதை தேவைப்படாது, ஒன்றிய அரசும் மாநில அரசும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு கோப்பில் கையெழுத்திட்டால் போதும். நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் கீழே புதைந்திருப்பனவற்றின் வரைபடத்தை அச்சிடலாம். வாங்கிய பணத்துக்கு ஈடாக எதையேனும் பார்த்த மனநிறைவு பார்வையாளருக்குக் கிட்டும்.

மேற்கண்டவை பரிசீலிக்கப்பட்டு, பதில் எழுதப்படுமாயின், அப்பதில் 2004ஆம் ஆண்டு நடைமுறையின்படி மூடிவைக்கப்படாமல் அனுப்பப்பட வேண்டுமெனப் பணிவுடன் கோரப்படுகிறது.

இங்ஙனம்,
பாடலிபுத்திரத்தைக் காண வந்து பூங்காவைக் கண்டோர்

நகல்:
பீகார் அருங்காட்சியகம், பாட்னா அருங்காட்சியகம் – 1764ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பகுதி முன்னதற்கும், பிற்பட்ட பகுதி பின்னதற்கும்.
நிலத்தடி நீர், கும்ரார் – தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.