தோல்வியே காணாத கலை

புஜின்கானுக்கு இன்னும் பரவலான அங்கீகாரம் கிடைக்க வேண்டும் என்று அதன் மாணவர்கள் கேட்கிறார்கள். கிடைக்கத்தான் வேண்டும். ஜப்பானில் சிபா மாகாணத்து நோடா ஊர்க்காரரான மசாகி ஹட்சுமி 1970களில் நிறுவிய இந்த அமைப்பு, நிஞ்ஜா மரபின் வாரிசு என்ற பெயரோடு உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. இத்தனை காலத்தில் ஒரு போட்டியிலும் அது தோற்றதில்லை. ஜூடோவால் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், சொந்த மண்ணில், சொந்த மக்கள் கண்ணெதிரே, எடை வரம்பில்லாத பிரிவின் தங்கத்தை நெதர்லாந்தின் அன்டன் கீசிங்கிடம் பறிகொடுத்தது ஜூடோ. அன்று அரங்கில் அழுதவர்கள் உண்டு. புஜின்கான் தன் மாணவர்களை ஒருநாளும் அப்படி அழவிட்டதில்லை. அது போட்டி வைப்பதில்லை. தன் நுட்பங்கள் போர்க்களத்துக்கானவை, விளையாட்டு விதிகளுக்குள் அடங்காதவை என்று காரணம் சொல்கிறது. இவ்வளவு கவனமாகக் காப்பாற்றப்பட்ட புகழ் வேறு எந்தச் சண்டைக் கலைக்கும் வாய்த்ததில்லை.

பயிற்சிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் அங்கே நிலவும் ஒத்துழைப்பு தெரியும். தாக்குபவர் ஒரு காலை முன்வைத்து நீளமாக ஒரு குத்து விடுகிறார். விட்ட கையை இழுத்துக்கொள்வதில்லை. அது அப்படியே நிற்கிறது. எதிரே இருப்பவர் பக்கவாட்டில் விலகி, மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை மடக்கி, விலாவில் ஒரு இடி வைத்து, கழுத்தைத் திருப்பி, காலை வாரிக் கீழே கிடத்துகிறார். இத்தனையும் முடியும்வரை அந்தக் கை காத்திருக்கிறது. தாக்குபவருக்கு இன்னொரு கை இருக்கிறது. அது தொடையோரம் சும்மா கிடக்கிறது. தன்னை வீழ்த்துகிறவருக்கு இவ்வளவு துணை நிற்கும் எதிரியை வேறெந்தக் கலையும் உருவாக்கியதில்லை. விழுகிற விதமும் அழகு. தோளில் தொடங்கி எதிர் இடுப்பு வழியாகச் சத்தமில்லாமல் உருண்டு எழுகிறார்கள். அதைக் கற்றவர் மழைநாளில் மாடிப்படியில் வழுக்கினாலும் எலும்பு முறியாமல் தப்பிப்பார். இந்த ஒன்றுக்காகவே பள்ளிப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரலாம்.

கறுப்புக் கச்சையின் படிகளைத் ‘தான்’ என்பார்கள். ஐந்தாம் தான் நிலைக்கான தேர்வு இன்னும் விசேஷமானது. தேர்வுக்கு வந்தவர் மண்டியிட்டு, கண்ணை மூடி, முதுகைக் காட்டி உட்காருகிறார். பின்னால் நிற்பவர் பயிற்சி வாளை ஓங்கி, ஒரு கணத்தில் தலைமேல் இறக்குகிறார். கொல்லும் எண்ணத்தை முதுகாலேயே உணர்ந்து உருண்டு விலகிவிட்டால் தேர்ச்சி. அடி பட்டால் மறுபடி உட்காரலாம். தேறியவர் ஆசிரியராகலாம், சொந்தமாகப் பயிற்சிக்கூடம் திறக்கலாம். பார்க்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும் காட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால், முகத்துக்கு நேரே நின்று, விடாமல் அடிக்கும் ஒருவனை இந்த ஆசிரியரால் சமாளிக்க முடியுமா என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. பட்டம் வழங்குவதிலும் தாராளம் உண்டு. 1882இல் தொடங்கிய ஜூடோவின் தலைமையகமான கோடோகன், 2006 வரை பத்தாம் தானுக்கு உயர்த்தியது 15 பேரைத்தான். புஜின்கானில் படிகளே பதினைந்து. அந்த உச்சியைத் தொட்டவர்கள் கண்டத்துக்குக் கண்டம் இருக்கிறார்கள்.

குருபரம்பரையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. புஜின்கானில் அடங்கிய ஒன்பது மரபுகளில் புகழ்பெற்றது டோகாகுரே-ரியூ. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி, ஒரு கண்ணி விடாமல் பெயர் பெயராக வந்து, ஹட்சுமியை 34ஆம் தலைவராக நிறுத்துகிறது அதன் பட்டியல். ஜப்பானியப் போர்க்கலை மரபுகளைத் தொகுத்த ‘புகேய் ரியூஹா தைஜிதென்’ என்னும் பேரகராதி, இந்தப் பட்டியலில் புனைவு ஏறியிருக்கிறது என்று குறித்துவைத்திருக்கிறது. அகராதிக்காரர்களின் கறார் புத்தியைத் தாண்டியும் கதை வாழ்கிறது என்றால் அதன் சுவையே காரணம். ஹட்சுமி 1967இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஆலோசகராக இருந்தார். 1988இல் வந்த ‘ஜிராய்யா’ தொலைக்காட்சித் தொடரில் நாயகனை வளர்த்து ஆளாக்கிய குருவாகவே நடித்தார். கலைக்கும் திரைக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான உறவு எளிதில் அமைவதில்லை.

இகா, கோகா மலைப்பகுதிகளில் வாழ்ந்த அசல் நிஞ்ஜா உளவாளிகளுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களின் அறிவைத் தொகுத்த ‘பன்சென்ஷூகாய்’ 1676இல் எழுதப்பட்டது. மன ஒழுக்கத்தில் தொடங்கி, வேடமிடுதல், வீட்டுக்குள் நுழைதல், நெருப்புக் கருவிகள், வானிலை கணித்தல் என்று விரியும் அந்தப் பெருநூலில் வெறுங்கைச் சண்டைக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். செய்தியோடு உயிருடன் திரும்புவதே அவர்கள் தொழில். மோதல் வந்துவிட்டால் வேலை கெட்டது என்று பொருள். மியே பல்கலைக்கழகம் 2017இல் ஆய்வு மையமே திறந்து இந்த ஏடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆய்வாளர்கள் காட்டும் மனிதன் விவசாயி வேடத்தில், வியர்வை நாற்றத்தோடு நிற்கிறான். கறுப்பு உடுப்பில் உள்ளங்கையை நீட்டி நிற்பவனே கண்ணுக்கு அழகு. அவனை உலகின் மனத்தில் நிலைநாட்டிய பெருமையில் புஜின்கானுக்கும் பங்குண்டு.

இந்த நிஞ்ஜா கலைக் குடும்பத்துக்கு ஒரு சாம்பியனும் உண்டு. 1994 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் நடந்த மூன்றாவது யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் நிஞ்ஜுட்சு வீரர் என்று அறிவிக்கப்பட்ட ஸ்டீவ் ஜென்னம் பட்டம் வென்றார். மாற்று ஆளாகக் காத்திருந்தவர் அவர். கென் ஷாம்ராக் விலகியதால் நேரே இறுதிச் சுற்றுக்கு வந்து, ஒன்றரை நிமிடத்துக்குள் ஹெரால்ட் ஹோவர்டைப் பணியவைத்தார். அவர் பயின்ற பள்ளியோ புஜின்கானிலிருந்து விலகி, நிஜமாக மோதிப் பழகும் வழிக்குப் போயிருந்தது. குடும்பத்தின் ஒரே பட்டம் வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளை வாங்கியது.

ஆகவே அங்கீகாரம் வேண்டும், தயக்கமே இல்லை. உருளும் வித்தைக்கு, நாடக அழகுக்கு, பழைய ஆயுதங்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆர்வத்துக்கு, வாரம் தவறாமல் கூடும் தோழமைக்கு. இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்பும் ஒரு பெண், பயத்தால் அந்தக் கூடத்தின் கதவைத் தட்டுகிறாள். காத்திருக்கும் கையோடு ஐந்தாறு ஆண்டு பழகி, கறுப்புக் கச்சை கட்டி, இனி பயமில்லை என்று குறுக்குச் சந்தில் நடக்கிறாள். அங்கே வருகிறவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கமாட்டான். அவளுக்குச் ‘சுயபாதுகாப்பு’ என்று விற்கப்பட்டதை வாசல் பலகையிலிருந்து அழித்துவிட்டு, ‘கலை’ என்று மட்டும் எழுதட்டும். மாலையோடு முதல் ஆளாக நான் போய் நிற்கிறேன்.