தணிகைத் தரகியல்: யார் பக்கம் என்னும் வினா குறித்து ஓர் ஆய்வு

திருத்தணியில் வீட்டுமனைத் தரகர் யாருக்காகப் பேசுகிறார், வாங்குபவருக்கா விற்பவருக்கா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். இரு தரப்பையும் தனித்தனியே விசாரித்தால் இருவரும் "அவரு நம்ம ஆளு" என்கிறார்கள். ஆய்வு இங்கேயே சிக்கலாகிவிடுகிறது.

முகவர் என்பவர் இன்னொருவருக்காகச் செயல்படவோ, மூன்றாமவரிடம் அவர் சார்பாகப் பேசவோ அமர்த்தப்பட்டவர் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 182ஆம் பிரிவில், இலக்கணம் வகுக்கிறது. இதன்படி ஒரு முதல்வர் (அதாவது முகவரை அமர்த்தியவர்), ஒரு முகவர், ஒரு மூன்றாமவர் இருந்தாக வேண்டும். தணிகை வழக்கிலோ முதல்வர் இருவர், முகவர் நால்வர். "இடத்தைக் காட்டினவரு", "பார்ட்டியைக் கூட்டியாந்தவரு", "ஓனருக்குத் தெரிஞ்சவரு", இவர்களோடு டீ குடிக்க வந்து தங்கிவிட்ட ஒருவர். மூன்றாமவர் என்று சொல்ல ஆளே மிஞ்சுவதில்லை.

எனவே சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுக் களத்தில் இறங்கினால், தரகரின் பக்கம் அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று தெரிகிறது. டீக்கடையில் அவர் வாங்குபவர் பக்கம்: "ஓனர் பதினெட்டு சொல்றாரு சார். நான் பேசிக் குறைச்சுத் தரேன். நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்க." மனையில் கால் வைத்ததும் விற்பவர் பக்கம்: "போன மாசமே பதினாறுக்கு ஒரு பார்ட்டி வந்துச்சு, அண்ணன்தான் குடுக்கல." சார்பதிவாளர் அலுவலக வாசலில் இரண்டு பக்கமும் தீர்ந்துபோய், "அப்ப நம்மளக் கொஞ்சம் கவனிச்சுடுங்க" என்பதோடு நிற்கிறார். இதை நிறம் மாறுதல் என்று சிலர் பழிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. அந்தந்த இடத்தில் அவர் சொல்வது அந்தந்த இடத்துக்கு உண்மையே.

அளவையியலில்தான் இவ்வூர்த் தரகரின் மேதைமை முழுதாக வெளிப்படுகிறது. 1200 சதுர அடி மனை ஒன்று. சென்னைப் பெரியவருக்கு அது அரை கிரவுண்டு. பக்கத்துக் கிராமத்துக்காரருக்கு ரெண்டே முக்கால் சென்ட். நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்தவருக்குத் தெலுங்கில் 133 கெஜம். பரப்பைச் சொல்லும்போது எண் பெரிதாக ஒலிக்கிற அலகு, விலையைச் சொல்லும்போது எண் சிறிதாக ஒலிக்கிற அலகு என்பதே விதி. தூரத்துக்கு மட்டும் எல்லா மொழியிலும் ஒரே அலகு, நிமிஷம். "ஸ்டேஷன் பத்து நிமிஷம்." எந்த வண்டியில் என்பது குறிப்பிடப்படாது.

இக்கலைக்கு இவ்வூரில் வரலாற்று அடித்தளமும் உண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் வேங்கடம் வரை கேட்டது. எதிர்த்தரப்பு மசியவில்லை. படாஸ்கர் நடுவராக வந்து பேசினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. மேலே கேட்டு, நடுவில் ஒருவரை உட்காரவைத்து, பாதியில் முடித்த பேரம் இது. ஊரே பரிமாற்றப் பத்திரத்தில் வந்ததுதான். படாஸ்கர் இரண்டு பக்கமும் கமிஷன் கேட்டதாகத் தகவல் இல்லை. அந்த ஒரு குறையால் அவரை இத்துறையின் முன்னோடியாக ஏற்க முடியவில்லை.

ஆய்வின் மையத்துக்கு வருவோம். விற்பவர் சொல்கிறார்: "எனக்குக் கைக்குப் பதினஞ்சு வந்தாப் போதும்ப்பா. மேல வர்றத நீ பாத்துக்க." இந்த ஒரு வாக்கியத்தில் தரகர் முகவர் பதவியைத் துறந்து வியாபாரி ஆகிவிடுகிறார். பதினெட்டுக்கு முடிந்தால் நடுவில் உள்ள மூன்று லட்சம் அவருடையது. வாங்குபவருக்காக அவர் "பேசிக் குறைத்த" ஒவ்வொரு ரூபாயும் அவர் பையிலிருந்தே போயிருக்க வேண்டும். ஆகவே எவ்வளவு குறைத்திருப்பார் என்பதை வாசகரே கணக்கிடலாம். அதற்குமேல் வாங்குபவரிடம் ஒரு சதவீதமோ இரண்டோ தனி. முதல்வருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த ஆதாயத்தை முதல்வர் கேட்டு வாங்கலாம் என்கிறது மேற்படி சட்டத்தின் 216ஆம் பிரிவு. இங்கே விற்பவருக்குத் தெரியும். தெரியாதவர் வாங்குபவர் ஒருவரே. அவரோ முதல்வர் என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் பதிவு பெற வேண்டிய திட்டங்களில் உள்ள மனையையும் வீட்டையும் விற்றுத் தருவோருக்கே அது பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவே தேவையில்லை. பழைய வீடு கைமாறுவதும், அண்ணன் தம்பி பாகத்தில் வந்த மூன்று சென்ட் விற்பதும் இந்த வலையில் விழாது. தமிழ்நாட்டில் பெற்ற பதிவு எல்லை தாண்டி நகரியில் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரகரின் செல்போனுக்கு அந்த எல்லை தெரியாது.

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். நீண்ட வழக்குக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் முதல் அங்கே வாங்குபவரின் முகவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, தமக்கு எவ்வளவு கூலி என்பதை எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். நம் ஊரில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொடுத்தால் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

தரகரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பட்டா பெயர் மாறாத மனைக்கு வாரிசுகளைத் தேடிப் பிடித்து, கோபித்துக்கொண்டு போன தங்கையைக் கையெழுத்துக்குக் கூட்டி வருவது அவர்தான். முத்திரைத்தாள் வரி 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வாங்கும் அரசு அந்தத் தங்கை வீட்டுக்குப் போகாது.

ஆய்வு முடிவு: தணிகைத் தரகர் வாங்குபவருக்கும் அல்ல, விற்பவருக்கும் அல்ல, கிரயத்துக்கே பிரதிநிதி. ஆகவே மனை பார்க்கப் போகிறவர்கள் "நீங்க யார் பக்கம்?" என்று அவரைக் கேட்டு வீணாகச் சங்கடப்படுத்த வேண்டாம். "அந்தப் பக்கம் எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். வில்லங்கச் சான்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். விற்பவரோடு நேரில் உட்கார்ந்து விலை பேசும்வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.