ஆர்வச் சான்றிதழ் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஜெராக்ஸ் – நெட் சென்டர்காரன்,
பஸ் ஸ்டாப் எதிரில், பாலவனத்தம்,
அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கல்லூரிச் சேர்க்கை – மாணவர்களுக்கு அவ்வப்போது ஏற்படும் ஆர்வத்தை முறைப்படுத்துதல் – வருவாய்த் துறை மூலம் சான்றிதழ் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கலந்தாய்வு வழிமுறைகள், பற்பல ஆண்டுகள்.

ஐயா / அம்மையீர்,

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் கடையில் கூட்டம். கலந்தாய்வு என்ற ஒன்றை ஏற்படுத்தி என்னைப் போன்றவர்கள் வீட்டில் உலை கொதிக்க வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. பையன் எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று சொன்னால் போதும், கால்குலேட்டரே இல்லாமல் கட்-ஆஃப் சொல்லிவிடுவேன். கணிதத்தை முழுசாகப் போடு, இயற்பியலைப் பாதியாக்கு, வேதியியலைப் பாதியாக்கு, கூட்டு. 200-க்கு இத்தனை. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் 300-க்குக் கூட்ட வேண்டியிருந்தது. 2006-க்குப் பிறகு அதுவும் குறைந்தது. எண் வந்ததும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்து விரலை வைத்துவிடலாம். இடையில் யாரும் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி தாங்கள் செய்து வைத்திருப்பது சாதாரண சாதனை அல்ல.

இவ்வளவு சீராக ஓடுகிற வண்டியில் ஒரு கல் இடறியிருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த விண்ணப்பம்.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. பெயர் வேண்டாம், பாவம். கணிதம் 98, இயற்பியல் 96, வேதியியல் 95. தங்கள் முறைப்படி 98, 48, 47.5. ஆக 193.5. நான் சொன்னதும் அவள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாயப்பட்டறையில் வேலை செய்கிற மனுஷன். நூல் அலசி அலசி நகக்கண்ணில் நீலம் ஏறியிருக்கும், அது போகவே போகாது. “அண்ணாச்சி, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?” என்றார். கிடைக்கும் என்றேன். நல்ல கல்லூரியாகவே கிடைக்கும்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. “மாமா, தமிழ்ல 99. அதை எங்க போடணும்?”

அதை எங்கேயும் போட வேண்டியதில்லை, பாஸாகியிருந்தால் போதும் என்று சொன்னேன். அவளோ பி.ஏ. தமிழ் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

கடையில் நின்றவர்கள் பூராம் திரும்பிப் பார்த்தார்கள். “இம்புட்டு மார்க்கு எடுத்துப்புட்டு பி.ஏ. தமிழா?” என்று ஒருத்தர். “அதுக்கு எதுக்கு ராத்திரி பகலாப் படிச்ச?” என்று இன்னொருத்தர். லேமினேஷன் போட வந்த பாட்டிகூட, “ஏத்தா, மார்க்கைப் பாழாக்காத” என்றது. அந்தப் பாட்டிக்குக் கட்-ஆஃப் தெரியாது; ஆனால் ரேஷன் தெரியும். இந்த மாதத்துப் பாமாயிலை இந்த மாதம் வாங்காவிட்டால் போச்சு, வீட்டில் யாரும் சாப்பிடாவிட்டாலும் கார்டில் உள்ளதை விடக்கூடாது. 193.5 என்றால் 193.5-க்கும் சாமான் வாங்கியாக வேண்டும். 60 மார்க்குக்குக் கிடைப்பதை 99 கொடுத்து வாங்குகிறவளை எந்த ஊரில் சமர்த்து என்பார்கள்?

இதில் தங்கள் துறையின் ஒரு கவனக்குறைவையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாடத்தின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தரவரிசை போடுகிறார்கள். ஒருவர் படிக்கப் போகிற பாடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துச் சேர்க்கும் இந்த ஆபத்தான வழக்கம் எப்படித் தங்கள் கண்ணில் படாமல் தப்பியது? விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 ரூபாயில் முடிந்துவிடுகிறது என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

பிள்ளைக்கு இந்தக் கெட்ட பழக்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது.

எங்கள் ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், பிறந்தது 1867. வீட்டில் புலவர்களை வைத்துத் தமிழ் படித்தவர். மதுரைக்குப் போன இடத்தில் சொற்பொழிவுக்குக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் என்று கேட்டாராம், ஊருக்குள் ஒரு பிரதி அகப்படவில்லையாம். வேறொருவராக இருந்தால் சென்னைக்குக் கடிதம் போட்டு வரவழைத்திருப்பார். இவர் 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தையே தொடங்கிவிட்டார். நூலகம், ‘செந்தமிழ்’ என்று பத்திரிகை, பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வுகள். தமிழில் ஆர்வம் உள்ளவன் எழுதித் தேறலாம். இயற்பியலில் பாதி கேட்டதாகத் தெரியவில்லை.

அதோடு நின்றாரா? 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குத் தலைவராகவும் இருந்தார். எங்கள் ஊரில் கடல் கிடையாது. மழை பெய்தால்தான் கண்மாயிலேயே தண்ணீர். மரைன் இன்ஜினியரிங்குக்கு உரிய தகுதி எதுவும் இல்லாமல் கப்பல் விவகாரத்தில் தலையிட்டவர் என்ற வகையில் அவர் பெயரில் ஒரு குறிப்பாணை இருந்தாக வேண்டும். கோப்பில் இல்லையென்றால் இப்போதாவது வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துத் திருச்சுழியில் நடந்தது இன்னும் மோசம். 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்ற பையன் மதுரையில் அண்ணனோடு இருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பாடத்தில் மனம் செல்லவில்லை. 1896 ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று சொல்லிக் கிளம்பினான். அண்ணன், போகிற வழியில் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு, பெட்டியில் 5 ரூபாய் இருக்கிறது என்றார். பையன் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, சம்பளம் கட்டவில்லை என்று சீட்டு எழுதி, மீதி 2 ரூபாயோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறிவிட்டான். அப்போது வயது 16. பிற்காலத்தில் அவரை ரமண மகரிஷி என்று உலகமே சொன்னது இருக்கட்டும். கல்லூரிக்கு ஒதுக்கிய நிதியை வேறு தலைப்பில் செலவு செய்தது தணிக்கைக்கு உரியதா இல்லையா? கணக்கை ஒளிக்காமல் மீதியையும் வைத்துவிட்டுப் போனார் என்பதை வேண்டுமானால் தண்டனையைக் குறைக்க எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட முன்னோர்கள் உள்ள வட்டாரத்தில் பிள்ளைகளை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஆனால் அந்த அப்பாவைத் தாங்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. அவர் மறுநாள் தனியாக வந்தார். “ஜமீனுக்குச் சொத்து இருந்துச்சு, சங்கம் வச்சாக. எனக்குப் பட்டறைச் சம்பளம். இவ தமிழ் படிச்சு, பெறகு பி.எட். படிச்சு, டெட்டு எழுதி, போஸ்டிங்கு எப்ப வரும்னு நான் எத்தனை வருசம் பாக்க?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆர்வத்துக்குச் செலவு செய்ய அவரிடம் வருஷங்கள் இல்லை. மகளுக்கு அந்த நீலம் நகத்தில் ஏறக்கூடாது என்று பார்க்கிறார், அவ்வளவுதான். பிடித்ததைப் படி என்று மேடையில் சொல்கிறவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் நான்தான் பாரம் பூர்த்தி செய்கிறேன்.

அதே வாரத்தில் ஒரு பையன் வந்தான். அவன் வியாதி வேறு மாதிரி. அவனுக்கு விவசாயம் படிக்க ஆசை. அப்பாவுக்கு நாலு ஏக்கர் கரிசல், மானாவாரி. ஒரு வருஷம் பருத்தி, ஒரு வருஷம் மக்காச்சோளம், ஓரத்தில் மல்லி. கோவிலாங்குளத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்பா விதை கேட்டுப் போகும்போதெல்லாம் டி.வி.எஸ். பிப்டி பின்சீட்டில் உட்கார்ந்து போன பையன். மண்ணைக் கையில் எடுத்தால் அமுக்கிப் பார்த்து, விதைக்கலாமா இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாமா என்று சொல்வான். அவன் கட்-ஆஃப் 148. வேளாண்மைக் கல்லூரி அவனுக்கு இல்லை. அது யாருக்கு என்றால், டாக்டர் சீட்டை மயிரிழையில் தவறவிட்ட, வெண்டைக்காய் செடியில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்று என்னிடமே கேட்ட இன்னொரு பையனுக்கு. அவனும் நல்ல பையன்தான். மார்க் எங்கே இறக்கிவிட்டதோ அங்கே இறங்கினான். இருவருக்கும் பாரம் போட்டது நான், சேவைக் கட்டணமும் இருவரிடமும் ஒரே தொகைதான். நாலு ஏக்கர்க்காரன் இப்போது தனியார் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் பிரிவுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். அங்கே இடம் நிறையவே இருக்கிறது.

இடம் என்றதும் ஒரு சந்தேகம். கலந்தாய்வு முடிந்த பிறகும் ஆண்டுதோறும் பொறியியல் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடப்பதாகப் பேப்பரில் பார்க்கிறோம். ஆக, பாஸான எவனுக்கும் எங்கோ ஓர் இடம் உண்டு. அப்படியிருந்தும் கட்-ஆஃபுக்கு மவுசு குறையவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கேட்கிறாரே, “பாப்பா கட்-ஆஃப் எவ்வளவு?” என்று. என்ன படிக்கிறாள் என்பது பாயசத்துக்குப் பிறகுதான்.

தங்கள் தரவரிசை விதிகளையும் ஆற அமர வாசித்தேன். இருவர் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணிதம், அப்புறம் இயற்பியல், அப்புறம் நான்காவது பாடம் என்று இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாம் சமமானால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. தேதியும் ஒன்றானால் கம்ப்யூட்டர் தருகிற சமவாய்ப்பு எண். குலுக்கல் வரைக்கும் போகத் தயாராக இருக்கிறீர்களே தவிர, ‘ஏம்பா, உங்க ரெண்டு பேர்ல இது யாருக்குப் பிடிக்கும்?’ என்று கேட்கிற பலவீனத்துக்கு ஓர் இடத்தில்கூட ஆட்படவில்லை. மெச்சுகிறேன். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு இசட் ஸ்கோர் என்று வைத்து நான்கு தசம ஸ்தானம் வரைக்கும் போகிறார்கள். நாம் இன்னும் அரை மார்க்கிலேயே நிற்கிறோம் என்பது சற்று வருத்தம்தான்.

எனவே என் கோரிக்கை இதுதான். ஆர்வத்தை ஒழிக்க முடியவில்லை என்றால் அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கே முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுக்கிற அரசு, வீட்டில் ஒருத்திக்கு ஒன்று பிடிக்கும் என்பதற்குக் கொடுக்க முடியாதா? கட்டணம் வழக்கம்போல 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரிக்க வேண்டியவை: மேற்படி ஆர்வம் பூர்வீகமா, சுயார்ஜிதமா? அதன் மீது வில்லங்கம் ஏதும் உண்டா? (பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் வில்லங்கமாகக் கருதப்படுவார்.) மனுதாரர் அதை எத்தனை ஆண்டுகளாக அனுபவித்து வருகிறார்? அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம். தாய்மாமன்கள் மட்டும் எப்போது வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் ஒப்பமிட்டால், சான்றிதழுக்குக் கட்-ஆஃபில் ஒரு 5 மார்க் சேர்க்கலாம். செல்லுபடிக் காலம் ஓராண்டு போதும். நாலாவது வருஷம் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி அதைக் கேட்கப் போவதில்லை.

சான்றிதழ் முறை வந்தால் ஆர்வம் இல்லாதவர்களும் வாங்கிவிடுவார்களே என்று தாங்கள் அஞ்சலாம். வாங்குவார்கள். அதற்கான தனிப்பயிற்சி மையங்கள் அருப்புக்கோட்டையில் மூன்றே மாதத்தில் வந்துவிடும். அது தங்கள் முறைக்குப் புதிதல்ல.

கடைசியாக, ஒரு பழைய கோப்பு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்து, பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எப்.ஏ. தேர்விலும் தோற்ற ஒருவருக்கு, பட்டம் எதுவும் இல்லை என்று தெரிந்தே, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியிருக்கிறது. பெயர் சீனிவாச ராமானுஜன். மறு ஆண்டே அவர் கேம்பிரிட்ஜ் போய்விட்டார். தகுதி விதிகளை வளைத்த அந்த அதிகாரிகள் மீது எந்த நடவடிக்கையும் எடுத்ததாகத் தெரியவில்லை. நூறாண்டு கடந்துவிட்டாலும் விசாரணைக் கமிஷன் ஒன்று அமைப்பது நல்லது. இல்லாவிட்டால் இதை முன்னுதாரணமாகக் காட்டி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாளைக்கு ஏதாவது கேட்டுத் தொலைப்பார்கள்.

பொறியியலுக்கும் கலைக் கல்லூரிக்கும் இரண்டுக்குமே விண்ணப்பம் போட்டு வைக்கும்படி அந்தப் பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டார். போட்டாயிற்று. ஓ.டி.பி. அவர் செல்போனுக்குத்தான் வருகிறது. அது பட்டறையில் சட்டைப்பையில் தொங்குகிறது. கலந்தாய்வு நாளில் பட்டறைக்கு ஒரு மணி நேரம் லீவு கொடுக்கவும் ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெட் சென்டர்காரன்.

நகல்:
1. வட்டாட்சியர், அருப்புக்கோட்டை – தகவலுக்காக.
2. கிராம நிர்வாக அலுவலர், பாலவனத்தம் – படிவம் அச்சாகி வரும்வரை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாமா, அதற்கும் போட்டோ ரெண்டு ஒட்ட வேண்டுமா என்பதைத் தெரிவிக்க. கடையில் ஆள் காத்திருக்கிறது.