தீவகத்துக் கிளிகளோடு உறவு கொள்ளல்: ஓர் அலகுசார் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அடைக்கலமாக வந்த கிளிகள் பல ஒரே வீட்டில் வாழும்போது அவற்றின் நன்மதிப்பை மனிதர் எவ்வாறு பெறுவது என்பதே இவ்வாய்வின் பொருள். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊர்காவற்றுறைப் பக்கத்து வீடொன்றின் விறாந்தை ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது. மூன்று கிளிகளும் ஓர் ஆச்சியும் ஓர் ஆய்வாளரும் பங்குபற்றினர். தாம் ஆய்வுக்கு உட்படுத்தப்படுவதை ஆச்சி தவிர்ந்த ஏனைய அனைவரும் அறிந்திருந்தனர். எடுக்கும் முயற்சி கூடக் கூடக் கிடைக்கும் அன்பு குறைகிறது எனக் கண்டறியப்பட்டது. ஆய்வாளரின் ஆட்காட்டி விரல் தேறிவருகிறது.

1. ஆய்வின் தேவை

ஆராய்ச்சிக்குப் பேர்போன மண் இது. 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்ற தனிநாயகம் அடிகள் 1913 இல் பிறந்த கரம்பொன், மேற்படி விறாந்தையிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். அந்தப் பெருமையில் இவ்வாய்வுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் பெரியவர் ஒருவரை முதலில் நிறுத்தாமல் கட்டுரையைத் தொடங்குவது யாழ்ப்பாண மரபல்ல.

2. முன்னோர் ஆய்வுகள்

சங்க காலத்துத் தினைப்புனத்தில் கிளி ஒரு திருடன். தலைவி பரணில் ஏறித் தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலித்து அதை ஓட்டுகிறாள். பின்னர் பக்தி வந்ததும் அதே கிளி மதுரை மீனாட்சியின் கையில் ஏறிக்கொள்கிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி உண்டு. ஆனால் அதை நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். கடிக்காத கிளிக்கு இதைவிட உறுதியான வழிமுறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. திருவண்ணாமலையில் அருணகிரிநாதரே கிளியாகிக் கோபுரமேறினார் என்பது ஐதீகம்.

மேலைநாட்டில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பற்கிளிக்கு நிறம், வடிவம், எண் ஆகியவற்றைக் கற்பித்தார். 2007 இல் இறந்த அலெக்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கையாண்டது. ஆனால் அது ஆய்வுகூடம். அங்கே ஆச்சி இல்லை.

ஆக, கிளியைத் துரத்துவது பற்றியும் தொழுவது பற்றியும் படிப்பிப்பது பற்றியும் நமக்கு நிறையத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்க்கும் மூன்று கிளிகளோடு ஒரே கூரையின்கீழ் எப்படிக் காலந்தள்ளுவது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. இதுவே ஆய்விடைவெளி.

3. ஆய்வுக்களம்

விலங்கோடும் பறவையோடும் அரசுகளே மல்லுக்கட்டிய வரலாறு தீவகத்துக்கு உண்டு. போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைத்துறை என்று அழைத்தனர். இங்கிருந்து யானைகள் கப்பலேறின. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்தது எனப்படும் புறாக்கூடு இன்றும் நிற்கிறது.

இவற்றுள் எமக்கு முக்கியமானது நயினாதீவுக் கதை. அம்மனுக்குப் பூவெடுத்துக் கடலில் வந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே இன்னொரு கல்லில் உட்கார்ந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் சமரசம் பேசினான். அம்மனுக்குக் கோயில் கட்டுவதாக வாக்குக் கொடுத்த பிறகே கருடன் விலகியது. இரண்டு கற்களையும் இன்றும் காட்டுவார்கள். ஒரு பறவையை அதன் கல்லிலிருந்து எழுப்ப ஒரு முழுக் கோயில் செலவாகியிருக்கிறது என்பதை வாசகர் மனங்கொள்க. இவ்வாய்வுக்கு ஒதுக்கப்பட்ட நிதி ஒரு சீப்பு வாழைப்பழம்.

4. பங்குபற்றியோர்

ஊர்ப் பச்சைக்கிளிக்கு 1769 இல் ஸ்கோப்பொலி என்ற அறிஞர் விஞ்ஞானப் பெயரிட்டபோது, கிராமர் என்ற இயற்கையியலாளரின் பெயரைச் சேர்த்துவிட்டார். கிளிக்கு இது அறிவிக்கப்படவில்லை. ஆணின் கழுத்தில் கறுப்பும் ரோசாவும் சேர்ந்த வளையம் இருக்கும். அது தெளிவாக விழ இரண்டு மூன்று வயதாகும். அதற்கு முன் ஆணா பெண்ணா என்று கேட்பது நாகரிகமல்ல.

போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகள் உள்ளே உக்கி, பொந்து விழுந்து நின்றன. சனம் இடம்பெயர்ந்த வளவுகளில் கிளிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறின. தீவகத்தில் பயனாளிகள் கையெழுத்து வைக்காமல் நிறைவேறிய வீடமைப்புத் திட்டம் இது ஒன்றுதான்.

இதே இனம் லண்டன், பாரிஸ், பிரசெல்ஸ், கொலோன் நகரங்களின் பூங்காக்களிலும் இன்று கூட்டங்கூட்டமாகப் பறக்கிறது. எம்மவர் போய்ச் சேர்ந்த இடங்களும் இவைதாம். ஆனால் அந்தக் கிளிகளின் மூதாதையர் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்தவர் என்கின்றன மரபணு ஆய்வுகள். எம்மூர்க் கிளி போகவில்லை. ஆச்சியும் போகவில்லை. இருவரையும் ஒரே விறாந்தையில் சந்திக்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

ஆய்வு நெறிமுறை கருதிக் கிளிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டு, அவை அமரும் இடங்களால் குறிக்கப்படுகின்றன. கொடிக்கிளி: பட்டுப்போன பனை சரிந்தபோது பொந்தோடு நிலத்துக்கு வந்த குஞ்சு; ஒரு செட்டை கோணல். நிலைக்கிளி: வெளிநாடு போன குடும்பமொன்று கூட்டோடு கொண்டுவந்து விட்டுப்போன பேடு. கதிரைக்கிளி: தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய இனத்தது; வன்னியிலிருந்து இறகு நறுக்கிய நிலையில் வந்து, மிச்ச இறகைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

5. கருதுகோள்களும் அவற்றுக்கு நேர்ந்ததும்

முதலாம் கருதுகோள்: ஊட்டும் கையே உறவு. பழமிளகாய், கொய்யாப்பழம், குரக்கன் கதிர் ஆகியன கையால் கொடுக்கப்பட்டன. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சாய்சின் எம் வாயை எரிக்கும். பறவையின் நரம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. யாழ்ப்பாணத்து உறைப்பைக் கண்ணீரின்றித் தின்னக்கூடிய வெளியார் கிளி மட்டுமே. நிலைக்கிளி ஒரு காலில் நின்று, மறுகாலால் மிளகாயை வாங்கி, விதைவரை ரசித்து முடித்து, பின்னர் விரலைக் கடித்தது. உணவு நன்றாக இருந்தது என்பதும் பரிமாறியவர் போகலாம் என்பதும் இரு வேறு செய்திகள். கருதுகோள் வீழ்ந்தது.

இரண்டாம் கருதுகோள்: கதைத்துக் கதைத்து வசப்படுத்தலாம். மாலைதோறும் ‘வணக்கம்’ கற்பிக்கப்பட்டது. கொடிக்கிளி கற்றுக்கொண்டவை: ஆச்சியின் ‘ஆர் உது படலையடியிலை?’, பஸ் ஹோர்ன், ரொறன்ரோவிலிருந்து மகள் எடுக்கும்போது போன் அடிக்கும் ஓசை. மூன்றாவதைக் கேட்டால் ஆச்சி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி ஓடிவருவார்.

கிளிக்குக் குரல்நாண் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடியிலிருந்து ஓசை பிறக்கிறது. கூட்டமாய் வாழும் பறவையாதலால், கூட்டத்தை ஒன்றுசேர்க்கும் ஒலியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இந்த வீட்டில் வணக்கத்துக்கு எவரும் எழுந்து ஓடுவதில்லை. எந்த ஒலிக்கு ஓடுகிறார்கள் என்பதைக் கிளி கவனித்துவிட்டது. அதன் ஆய்வுமுறையில் குறைகாண முடியவில்லை.

மூன்றாம் கருதுகோள்: கிளிகள் தமக்குள் இணங்கினால் மனிதரோடும் இணங்கும். கொடிக்கிளியும் நிலைக்கிளியும் இணங்கின. இவ்வினத்தில் பொதுவாகப் பேடே ஆளும். ஆண் உண்டதைக் கக்கி அதற்கு ஊட்டி, அதைத் தன் பாக்கியமாகக் கருதும். இருவரும் சேர்ந்து கதிரைக்கிளியை விலக்கினர். பிறகு நிலைக்கிளியும் கதிரைக்கிளியும் கொடிக்கிளியை விலக்கின. மூன்று உறுப்பினர் இத்தனை கூட்டணிகள் அமைக்க முடியும் என்பது வடக்கின் அரசியலை அவதானித்தவர்களுக்கு வியப்பளிக்காது. எல்லாக் கூட்டணிகளும் உடன்பட்ட ஒரே தீர்மானம், ஆய்வாளரைச் சேர்ப்பதில்லை என்பது.

6. எதிர்பாராத தரவு

ஆச்சி கிளிகளுக்கு எதுவும் செய்வதில்லை. மத்தியானம் திரும்பியதும் விறாந்தையில் காலை நீட்டி, சத்தகமும் சார்வோலையுமாகப் பெட்டி இழைப்பார். வெற்றிலை வாயோடு தனக்குத்தானே ஏதோ சொல்வார். சில கிழமைகளில் கதிரைக்கிளி கதிரையை விட்டு இறங்கியது. ஆச்சி பார்க்கவில்லை. அது ஓலைக்கழிவை இழுத்துக் கிழித்தது. அப்போதும் பார்க்கவில்லை. பிறகு அவரது முழங்காலில் ஏறியிருந்து கிழித்தது. தன் இறகைப் பிடுங்குவதையும் குறைத்துக்கொண்டது. மாலைகளில் அது கண்ணை அரைவாசி மூடி அலகை அரைத்தது. இது கிளிகளின் மனநிறைவைக் காட்டும் ஒலி.

முறை பற்றி விசாரித்தபோது ஆச்சி கூறியது: ‘மோனை, உந்தக் கொப்பியை மூடி வைச்சிட்டுப் பேசாமல் இரு. உதுகளும் சீவிக்கத்தானே வேணும்.’

7. விளக்கம்

கிளி இரையாகக்கூடிய பறவை. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் உள்ளன. இரண்டு கண்ணாலும் நேரே நோக்கியபடி மேலிருந்து இறங்கிவரும் எதுவும் அதற்கு வல்லூறு. அன்பு மிகுந்த ஆய்வாளர் செய்வதும் அச்சொட்டாக அதையே. ஆச்சிக்கு ஒரு கண்ணில் புரை. எதையும் தலையைச் சரித்து நல்ல கண்ணால்தான் பார்ப்பார். கிளியும் அப்படித்தான் பார்க்கும். தம்மினத்தவர் ஒருவர் சேலை கட்டியிருக்கிறார் என்று அவை கருதியிருக்கக்கூடும்.

இவ்விளக்கத்தைச் சோதிக்கும் வாய்ப்பு, ஆச்சிக்குக் கண்புரை சத்திரசிகிச்சை நடந்தபோது கிட்டியது. கறுப்புக் கண்ணாடியோடு வந்தவரைக் கண்டு கிளிகள் சீறின. கண்ணாடி கழன்றதும் ஆச்சி இரு கண்ணாலும் நேரே பார்த்தார். ஆனால் பார்த்தது ஓலையைத்தான். கதிரைக்கிளி முழங்காலுக்குத் திரும்பியது. ஆகவே உறவின் காரணம் புரையன்று. அவருக்குச் செய்ய வேறு வேலை இருந்தது. அந்த வேலையைக் கிளியும் கிழித்துப் பார்க்கலாம். பிடித்து அடைக்கப்பட்ட உயிருக்கு, தன்னிடம் எதையும் எதிர்பாராத ஒருவர் பக்கத்தில் இருப்பது போதுமாயிருக்கிறது. வருவதா விடுவதா என்ற முடிவு அதன் கையில் இருக்கவேண்டும்.

8. பரிந்துரைகள்

(அ) விழுந்த குஞ்சைக் கண்டவுடன் வீட்டுக்குக் கொண்டோடற்க. இயலுமானால் பொந்திலோ அருகிலோ திரும்ப வைக்கவும். மனிதக் கை பட்டதற்காகத் தாய் கைவிடாது. பறக்கக்கூடிய கிளி பறக்கட்டும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் 1972 இன் வனவுயிர்ச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம்.

(ஆ) புதிதாய் வந்த பறவையை ஒரு மாதத்துக்குக் குறையாமல் வேறு அறையில் வைக்கவும். நோய் தெரியவரும்; பழைய பறவைகளும் குரலால் பழகும்.

(இ) உணவுக் கோப்பை ஆளுக்கொன்று. காலையில் முதல் வணக்கம் மூத்த கிளிக்கே.

(ஈ) பட்டர்புரூட் கிளிக்கு நஞ்சு. ஒட்டாத தாச்சி அளவுமீறிச் சுட்டால் எழும் புகையும் கொல்லும். குசினிக்குள் கிளி வேண்டாம்.

(உ) ஆய்வாளர்கள் தமக்கென ஒரு கைவேலை பழகிக்கொள்ளவும்.

9. வரையறைகளும் மேலாய்வும்

ஆச்சி ஒருவரே என்பதால் இம்முடிவுகளைப் பொதுமைப்படுத்துவதில் இடருண்டு. புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆச்சிமாரையும் உள்ளடக்கிய விரிவான ஆய்வு தேவை. கிளியை வளர்த்துப் பூனையிடம் கொடுத்தல் என்ற பழமொழி நெடுங்காலமாக வழங்கியும் களத்தில் இன்னும் சோதிக்கப்படவில்லை. இதற்குப் பங்காளர் கோரப்பட்டபோது பக்கத்து வளவுப் பூனையிடமிருந்து மட்டுமே ஆர்வம் வெளிப்பட்டது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அது வேலியில் இருந்து காத்திருக்கிறது.